செகண்ட் ஹேண்டில் ஒரு ரெட்ரோ குட்டிக் கார் வாங்கலாமா?

நீங்கள் மூன்று வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். 2008 மினி கூப்பர் எஸ், 1,05,000 கி.மீ. ஓடியது. 2012 ஃபியட் 500, 1.2 பெட்ரோல், 78,000 கி.மீ. அப்புறம் ஒரு 2003 ஃபோக்ஸ்வாகன் நியூ பீட்டில், ஆட்டோமேட்டிக். மூன்றில் எதை நம்பி வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: சின்ன வயதிலிருந்தே உருண்டை விளக்கு வைத்த கார் மேல் ஆசை, தினமும் வேலைக்குப் போக வேறு வண்டி கிடையாது என்று. உங்கள் கேள்வியே அந்த வரியில்தான் இருக்கிறது. ஆசைக்காக வாங்கும் வண்டி அன்றாடப் பாட்டுக்குத் தாங்குமா, இல்லை மாதத்தில் பாதி நாள் பட்டறையில் கிடக்குமா? தாங்கும். ஆனால் மூன்றும் ஒரே அளவுக்குத் தாங்காது, ஒரே வண்டியிலேயே எந்த வருடம், எந்த எஞ்சின் என்பதைப் பொறுத்துப் பதில் தலைகீழாக மாறும்.

இருபது வருடத்துக்கு மேல் பட்டறையில் வேலை பார்த்தவன் நான். கடைசி சில வருடங்களாக, வாங்கப் போகிறவர்களுக்காகப் பழைய வண்டிகளைச் சோதித்துச் சொல்வதுதான் முக்கிய வேலை. கை பழகியது பெரும்பாலும் பெட்ரோல் வண்டிகளில், அதனால் டீசல் பக்கம் போகவில்லை. நீங்கள் சொன்ன மூன்று வண்டிகளையும் நான் பார்த்ததில்லை. நான் சொல்லப் போவது அந்த ரக வண்டிகளின் பொதுக் குணம். உங்கள் கண்ணில் பட்ட அந்த ஒரு வண்டி நல்லதா கெட்டதா என்பதை, லிஃப்டில் ஏற்றி அடியில் நின்று பார்த்தவர்தான் சொல்ல முடியும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ரெட்ரோ கார் என்பது பழைய கார் கிடையாது. பழைய முகத்தைப் போட்டுக்கொண்ட, அந்தந்தக் காலத்துச் சாதாரணக் கார். 1957-ல் வந்த ஃபியட் 500-க்கு எஞ்சின் பின்னால், இரண்டே சிலிண்டர். 2007-ல் வந்தது அதே கம்பெனியின் பாண்டாவின் அடித்தளத்தில் முன்சக்கர இழுவையோடு செய்த வண்டி. நியூ பீட்டிலைப் பிரித்தால் உள்ளே இருப்பது நான்காம் தலைமுறை கோல்ஃப். ஜப்பானில் 1991-ல் சுமார் 20,000 மட்டும் செய்து, வாங்க ஆள் அதிகமானதால் குலுக்கல் முறையில் விற்ற நிசான் ஃபிகாரோவுக்கு அடியில் அந்தக் காலத்து மைக்ரா இருக்கிறது. மினி மட்டும் கொஞ்சம் விலக்கு. 2001-ல் பிஎம்டபிள்யூ கொண்டுவந்தபோது அதற்கென்றே தனி அடித்தளம் செய்தார்கள், ஆனால் எஞ்சின்களை வேறு கம்பெனிகளோடு கூட்டுச் சேர்ந்துதான் உருவாக்கினார்கள். அதனால் வண்டியைப் பார்க்கப் போகும்போது முகத்தை ஐந்து நிமிடம் ரசித்துவிட்டு, அடியில் இருப்பது யார் என்று விசாரியுங்கள். பிரேக், பேரிங், சஸ்பென்ஷன் புஷ் மாதிரியான சாமான்கள் லட்சக்கணக்கில் விற்ற வண்டிகளோடு பொதுவானவை, தேடி அலைய வேண்டியிருக்காது. முகத்துக்கென்றே செய்த குரோம் பட்டி, விளக்குக் கூடு, கதவுக் கைப்பிடி, கூரைத் துணி இவற்றில்தான் அலைச்சல்.

இன்னொன்று, இது என் அனுபவத்தில் கண்டது, கணக்கெடுத்து நிரூபித்ததில்லை. இந்த வண்டிகளைப் புதிதாக வாங்கினவர்களில் நிறையப் பேர் அழகுக்காக வாங்கியவர்கள். வெளியே தினம் துடைத்து வைத்திருப்பார்கள், ஆயில் அளவைக் காட்டும் டிப்ஸ்டிக்கை ஒருநாளும் வெளியே எடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பக்கத்துக் கடைக்குப் போய் வர இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர் என்று ஓட்டியிருப்பார்கள், எஞ்சின் முழுச் சூடு ஏறும் முன்பே நிறுத்தியிருப்பார்கள். அப்படி ஓடிய வண்டியில் ஆயிலில் ஈரமும் பெட்ரோலும் கலந்து அது சீக்கிரம் கெடும். அதனால் குறைந்த கிலோமீட்டர் என்றதும் மகிழ்ந்துவிட வேண்டாம். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடி மூன்று வருடம் ஆயில் மாற்றாத வண்டியைவிட, நெடுஞ்சாலையில் ஓடி ஒழுங்காகச் சர்வீஸ் பார்த்த 1,50,000 கி.மீ. வண்டியை நான் தைரியமாக வாங்குவேன்.

சரி, மினிக்கு வருவோம், மூன்றில் மனது அதில்தான் இருக்கிறது என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. 2008 கூப்பர் எஸ் என்றால் உள்ளே இருப்பது என்14 என்ற 1.6 டர்போ எஞ்சின், பிஎம்டபிள்யூவும் பெஜோ-சிட்ரோயென் குழுமமும் சேர்ந்து உருவாக்கியது. ஓட்டினால் முகத்தில் சிரிப்பு வரவைக்கும் எஞ்சின் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மினி வரிசையிலேயே அதிகமாகப் பட்டறைக்கு வரும் எஞ்சின் அதுதான் என்பதிலும் சந்தேகம் இல்லை. முதல் காரணம் டைமிங் செயின், வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூட வைப்பது அதுதான். அந்தச் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்கிறது. வண்டி இரவு முழுக்க நின்றால் அழுத்தம் இறங்கி, காலையில் ஸ்டார்ட் செய்ததும் செயின் தொளதொளவென்று ஆடி பிளாஸ்டிக் கைடின் மேல் அடிக்கும். ஆயில் அழுத்தம் ஏறினதும் சத்தம் நின்றுவிடும். அப்போதைக்கு நின்றுவிட்டதே என்று விட்டால் கைடு தேயும், உடையும், துண்டுகள் ஆயில் சம்ப்பில் விழும், செயின் நீளும். கடைசியில் ஒருநாள் செயின் பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் மோதும், எஞ்சினைத் திறக்க வேண்டியதுதான். ஆயில் குறைவாக ஓடினால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். இந்த எஞ்சினோ ஆயில் குடிக்கும் எஞ்சின். சிவப்பு ஆயில் விளக்கு எரிவது ஆயில் குறையும்போது கிடையாது, அழுத்தமே போன பிறகு. அதற்குள் சேதம் நடந்திருக்கும்.

பின்னால் மாற்றியமைத்த டென்ஷனர் வந்தது, பல வண்டிகளில் செயின், கைடு, டென்ஷனர் மூன்றையும் சேர்த்து மாற்றியிருப்பார்கள். ஆகவே விற்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: செயின் செட் மாற்றியாகிவிட்டதா, எத்தனையாவது கிலோமீட்டரில், பில் இருக்கிறதா? "மாத்திட்டாங்கன்னு நினைக்கிறேன்" என்ற பதிலை மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றால் எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். இதை நான் ஒரு கசப்பான பாடமாகத்தான் கற்றேன். ஆரம்ப காலத்தில் ஒருவருக்காக ஒரு சின்ன ரெட்ரோ வண்டியைப் பார்க்கப் போனேன். விற்பவர் வாசலிலேயே எஞ்சினை ஓடவிட்டு வரவேற்றார், ஏசி குளுகுளுவென்று இருக்கட்டும் என்று சொன்னார். எஞ்சின் பட்டுப்போல ஓடியது, நானும் நல்ல வண்டி என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காலை வண்டியை வாங்கினவர் என்னைக் கூப்பிட்டு, போனை பானெட்டுக்குப் பக்கத்தில் பிடித்தார். டப்பாவில் ஆணி போட்டு ஆட்டின மாதிரி சத்தம். அவருடைய பணத்துக்கு நான்தான் பொறுப்பு, அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து, முதல்நாள் இரவே விற்பவரிடம் சொல்லிவிடுவேன், நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் முதல் வேலை பானெட்டைத் திறந்து எஞ்சின் மேல் கை வைப்பது. சூடு இருந்தால் வேறொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுவேன். இரண்டாவது தடவையும் சூடாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

அதே எஞ்சினில் இன்னும் மூன்று இடங்கள் பார்க்க வேண்டும். ஒன்று, உயரழுத்த பெட்ரோல் பம்ப். காலையில் செல்ஃப் எடுத்ததும் உடனே பிடிக்காமல் நீளமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது ஏற்றத்தில் திடீரென்று இழுவை போய் எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சந்தேகம் முதலில் அங்கேதான். இரண்டு, கரி. பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் தெளிக்கும் எஞ்சின் என்பதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ பெட்ரோல் வராது, ஆயில் ஆவி படிந்து கரிக்கட்டியாகிவிடும். குளிரில் ஐடிலில் உதறும், மிஸ் அடிக்கும். இதை மேனிஃபோல்டைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுத்தம் செய்வார்கள். நல்ல முறை, ஆனால் அவ்வப்போது திரும்பச் செய்ய வேண்டியது. மூன்று, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட். அதன் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் கூடு பிளாஸ்டிக், வயதானால் கசியும். கூலன்ட் டேங்கின் அளவுக் கோட்டையும், எஞ்சினைச் சுற்றிக் காய்ந்துபோன வெள்ளைக் கறை இருக்கிறதா என்பதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். டர்போவுக்குப் போகும் ஆயில் குழாயும் கசிவதுண்டு. ஓட்டிவிட்டு நிறுத்தினதும் கருகிய ஆயில் வாடை வருகிறதா என்று மோந்து பாருங்கள், இதற்குக் கருவி எதுவும் வேண்டாம்.

மினிதான் வேண்டும் என்று மனது பிடிவாதம் பிடித்தால், வேறு வருடம் தேடுங்கள். அதே காலத்து சாதாரண கூப்பரில் டர்போவும் நேரடித் தெளிப்பும் இல்லாத என்12 எஞ்சின், அதில் உயரழுத்த பம்ப் தொல்லையும் வால்வுக் கரித் தொல்லையும் கிடையாது. செயினையும் தெர்மோஸ்டாட்டையும் மட்டும் அதிலும் கவனிக்க வேண்டும். கூப்பர் எஸ்-தான் வேண்டும் என்றால் 2010-ல் முகம் மாற்றி வந்த பிறகு வைத்த என்18 எஞ்சின் இதைவிட மேலானது. 2001 முதல் 2006 வரையிலான முதல் தலைமுறையில் பிரேசிலில் செய்த டிரைடெக் எஞ்சின் இருக்கிறது, கிரைஸ்லரோடு கூட்டாகச் செய்தது. இரும்புப் பிளாக், கொஞ்சம் முரட்டுத்தனம், ஆனால் எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு. அதில் எஞ்சினைவிட கியர்பாக்ஸ்தான் தலைவலி. 2004 நடுப்பகுதிக்கு முந்தைய ஐந்து கியர் கூப்பரில் கியர்பாக்ஸ் பேரிங் போகும், சிவிடி என்ற, தனித்தனி கியர் படிகள் இல்லாத ஆட்டோமேட்டிக் வைத்ததை நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. ஸ்டியரிங்குக்கு அழுத்தம் கொடுக்கும் மின்சார பம்பும் அவற்றில் போகக்கூடியது. 2014-லிருந்து வந்த மூன்றாம் தலைமுறை முழுக்க வேறு எஞ்சின்கள், கூப்பரில் 1.5 லிட்டர் மூன்று சிலிண்டர். உங்கள் பட்ஜெட் அங்கே எட்டினால் தினசரி ஓட்டத்துக்கு மினிகளில் என் முதல் தேர்வு அதுதான்.

தயாரித்த மாதத்தைச் சேசிஸ் எண்ணை வைத்து உறுதி செய்துகொள்ளுங்கள். பதிவு செய்த வருடமும் தயாரித்த வருடமும் பல வண்டிகளில் ஒன்றாக இருக்காது, எஞ்சின் மாறிய ஆறு மாதத்தில் பதிவான வண்டி என்றால் பேப்பரைப் பார்த்து எந்த எஞ்சின் என்று சொல்லவே முடியாது.

ஃபியட் 500-ஐப் பற்றி அவ்வளவு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே அதற்கான பாராட்டு. 1.2 லிட்டர் 'ஃபயர்' எஞ்சின் பல வருடங்களாகப் பல வண்டிகளில் ஓடித் தேறியது, 69 குதிரைத்திறன்தான், நான்கு பேரோடு ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கும், ஆனால் எந்த மெக்கானிக்குக்கும் கை பழகியது. அதில் செயினுக்குப் பதில் ரப்பர் டைமிங் பெல்ட். 2012 வண்டிக்குக் கிலோமீட்டர் ஆகவில்லை என்று விட முடியாது, ரப்பருக்கு வயதும் ஒரு ஓட்டம்தான். மாற்றியதற்கு பில் இல்லையென்றால், வாங்கின வாரமே பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் சேர்த்து மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். டுயலாஜிக் என்று எழுதியிருந்தால் அது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸுக்கு மேல் ஒரு ஹைட்ராலிக் பம்ப் வைத்துத் தானாக கியர் மாற்றும் அமைப்பு. அந்தப் பம்பும் ஆக்சுவேட்டரும் வயதானால் தகராறு செய்யும், அதனால் உங்கள் நிலையில் இருந்தால் மேனுவல்தான் எடுப்பேன். இரண்டு சிலிண்டர் ட்வின்ஏர் எஞ்சின் ஓட்ட ரசமானது, ஆனால் அதன் இன்டேக் வால்வுகளை இயக்குவதே ஆயில் அழுத்தம், ஆயில் விஷயத்தில் அலட்சியமான முதல் சொந்தக்காரரிடமிருந்து அதை வாங்க எனக்குத் தைரியம் வராது. மற்றபடி, ஸ்டியரிங் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, வெளிக் கதவுக் கைப்பிடி தளர்ந்திருக்கிறதா, டிக்கிக் கதவுக்குப் போகும் வயரிங் வளையும் இடத்தில் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். பின் ஆக்ஸில் மேலேயே துரு ஏறும், அடியில் படுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நியூ பீட்டில் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. 1994-ல் டெட்ராய்ட் கண்காட்சியில் வெறும் மாதிரியாகக் காட்டிய வண்டி, ஜனங்கள் காட்டிய ஆர்வத்தைப் பார்த்துத்தான் உற்பத்திக்கு வந்தது. ஆனால் 2003 ஆட்டோமேட்டிக் ஒன்றை ஒரே வண்டியாக வைத்துக்கொண்டு தினமும் வேலைக்குப் போகப் போகிறீர்கள் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். அந்தக் காலத்து நான்கு கியர் ஆட்டோமேட்டிக்கில், ஆயில் அழுத்தத்தை வைத்து கியர் மாற்றும் வால்வு பாடி பழுதாவது தெரிந்த விஷயம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும்போது உதைத்தாலோ, ரிவர்ஸ் போட்டுச் சில நொடி கழித்துப் பிடித்தாலோ அதுதான். கதவுக் கண்ணாடி ஏற்றும் பொறி உடைந்து கண்ணாடி உள்ளே விழும், சன்ரூஃப் தண்ணீர் வடியும் குழாய் அடைத்து மழைத் தண்ணீர் காலடிக் கம்பளத்தில் சேரும். கம்பளத்தைத் தூக்கி அடியில் கை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அடுத்து வயரிங் அரிக்கும், அந்தக் கோளாறைத் தேடுவது பழுதுபார்ப்பதைவிடப் பெரிய வேலை. மேனுவல் கியர் வண்டி, சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கிறது, வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது என்றால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

எந்த வண்டியானாலும் பாடியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள், மழையில் நனைந்த வண்டியைப் பார்க்கவே வேண்டாம், தண்ணீர் எல்லா டிங்கரிங்கையும் மறைத்துவிடும். பானெட்டுக்கும் ஃபெண்டருக்கும் நடுவில் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். மினியில் முன் சஸ்பென்ஷனின் மேல் மவுண்ட் உட்காரும் தகடு பள்ளத்தில் விழுந்து விழுந்து மேலே உப்பியிருக்கும், பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்ஃப்ளாட் டயர் போட்ட மினிகளில் ஸ்டெப்னி கிடையாது, டயர் மாற்றும் செலவும் கூடுதல், அதனால் நான்கு டயரின் தேய்மானத்தையும் பாருங்கள். தாழ்த்திய சஸ்பென்ஷன், எஞ்சின் கம்ப்யூட்டரில் மாற்றம் செய்து சக்தி ஏற்றியது, சத்தம் போடும் சைலன்சர் இவையெல்லாம் இருந்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் விலகிவிடுவேன், எப்படி ஓட்டியிருப்பார்கள் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

ஓட்டிப் பார்க்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டு, குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள். எஞ்சின் முழுச் சூடான பிறகு ஸ்டியரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி மெதுவாக நகருங்கள், டக்டக் சத்தம் கேட்டால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட். மேல் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முழுசாக மிதியுங்கள், எஞ்சின் வேகம் மட்டும் ஏறி வண்டி ஏறாவிட்டால் க்ளட்ச் வழுக்குகிறது. எஞ்சின் கம்ப்யூட்டரில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள், ஆனால் அதில் பிழை எதுவும் இல்லை என்பது நல்ல செய்தி என்று அர்த்தமில்லை, முதல்நாள் அழித்திருக்கலாம். அழித்திருந்தால் அந்தக் கம்ப்யூட்டர் தானே செய்யும் சுயசோதனைகள் முடியாமல் நிலுவையில் நிற்கும், அதையும் ஸ்கேனரிலேயே பார்க்கலாம். ஒரு மணி நேரச் சோதனையில் பிடிபடாதவையும் இருக்கின்றன: பிஸ்டன் ரிங் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, செயின் எத்தனை மில்லிமீட்டர் நீண்டிருக்கிறது என்பதை வெளியே நின்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கிலோமீட்டர் மீட்டரையும் நான் அப்படியே நம்புவதில்லை. ஸ்டியரிங் வளையம், பெடல் ரப்பர், ஓட்டுநர் சீட்டின் ஓரம் மூன்றும் சொல்வதையும், பழைய பில்களில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்து வைத்துத்தான் ஒரு முடிவுக்கு வருவேன்.

என்னைக் கேட்டால், இந்த மூன்றில் ஃபியட்டை எடுங்கள், மேனுவலாக இருக்கும் பட்சத்தில், பெல்ட் செலவைக் கழித்துக்கொண்டு. அந்த 2008 கூப்பர் எஸ்-ஐ, செயின் செட் மாற்றிய பில்லும், வருடத்துக்கு ஒரு ஆயில் மாற்றிய பதிவும், குளிர்ந்த எஞ்சினில் சத்தமில்லாத ஸ்டார்ட்டும் மூன்றும் சேர்ந்து இருந்தால் மட்டும் பாருங்கள். அப்படி ஒரு வண்டி அமைந்து, வாங்கியும்விட்டீர்கள் என்றால், முதல் வாரத்திலேயே ஆயிலை மாற்றுங்கள், பழைய ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடியுங்கள். ஃபில்டரின் மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். பளபளக்கும் உலோகத் துகளோ பழுப்பு நிற பிளாஸ்டிக் துணுக்கோ கண்ணில் பட்டால், அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாமல் செயின் கவரைத் திறந்து கைடைப் பார்க்கச் சொல்லுங்கள். எதுவும் இல்லையென்றால் கம்பெனி சொல்லும் நீண்ட இடைவெளியைப் பார்க்காமல் 8,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் மாற்றி, இரண்டு பெட்ரோல் நிரப்பலுக்கு ஒருமுறை டிப்ஸ்டிக்கை வெளியே எடுத்துப் பார்த்து ஓட்டுங்கள்.